1500-ஐ 180-ஆல் வகுத்தால் வரும் தவறு

ஆசிரியருக்கு வணக்கம்.

வீட்டு மின்சாதனங்களின் கணக்கைப் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையில் ஓர் உதாரணம் தவறாகப் போயிருக்கிறது. 1500 வாட் தண்ணீர் ஹீட்டர் ஒன்று. 230 வோல்ட் வரும்போது அது 1500 ÷ 230 = 6.5 ஆம்பியர் இழுக்கும் என்றது வரை சரி. அடுத்த வரியில், மாலையில் லோ வோல்டேஜ் ஆகி 180 வோல்ட் வந்தால் 1500 ÷ 180 = 8.3 ஆம்பியர் இழுக்கும், அதனால் ஒயர் சூடாகும், பில்லும் ஏறும் என்று எழுதியிருந்தது. கடைசி வரியில் ஃப்யூஸைப் பெரிதாக்கவும் சொல்லியிருந்தது. வகுத்தலில் பிழையில்லை. ஆனால் அந்த ஹீட்டர் 180 வோல்ட்டில் 8.3 ஆம்பியர் இழுக்கவே இழுக்காது. 5.1 ஆம்பியர்தான் இழுக்கும்.

சின்னப் பிழைதானே என்று விட்டுவிட முடியவில்லை. லோ வோல்டேஜ் என்றால் எல்லாமே கூடுதல் கரண்ட் இழுக்கும் என்ற நம்பிக்கையில்தான் பலர் ஹீட்டர் லைனுக்குத் தடித்த ஃப்யூஸ் கம்பியைக் கட்டுகிறார்கள். அதே வீட்டில், உண்மையிலேயே கூடுதல் கரண்ட் இழுக்கிற தண்ணீர் மோட்டாரை மாலை ஏழு மணிக்குப் போட்டுவிட்டுக் காயிலைக் கருக்குகிறார்கள். இரண்டுக்கும் ஒரே வகுத்தலைப் போடுவதுதான் கோளாறு.

ஹீட்டரின் உடலில் "1500 வாட், 230 வோல்ட்" என்று அச்சிட்டிருப்பது ஒரே வாக்கியம். 230 இருந்தால்தான் 1500. பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை மாற்றக்கூடாது. ஹீட்டருக்குள்ளே இருப்பது குறிப்பிட்ட நீளமும் தடிமனும் உள்ள நிக்ரோம் கம்பிச் சுருள். வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் அந்தக் கம்பி நீளுவதுமில்லை, மெலிவதுமில்லை. ஆகவே மாறாமல் நிற்பது அதன் மின்தடை. முதலில் அதைக் கண்டுபிடிக்க வேண்டும்: 1500 ÷ 230 = 6.52 ஆம்பியர்; 230 ÷ 6.52 = 35.3 ஓம். இனி 180 வோல்ட் வந்தால் 180 ÷ 35.3 = 5.1 ஆம்பியர். அந்த நேரத்து வாட் 180 × 5.1, அதாவது ஏறத்தாழ 919. வோல்ட் 22 சதவீதம் குறைந்தால் சூடு 39 சதவீதம் குறைகிறது. வோல்ட் குறையும்போது கரண்டும் கூடவே குறைவதால், இரண்டையும் பெருக்கி வரும் வாட் வர்க்கக் கணக்கில் விழுகிறது.

பில் ஏறுமா? பதினைந்து லிட்டர் வாளித் தண்ணீரை 27 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குக் கொண்டுபோக 0.40 யூனிட் வேண்டும். இது தண்ணீரின் தேவை. ஹீட்டருக்கும் வோல்டேஜுக்கும் இதில் பங்கில்லை. 1500 வாட் கிடைத்தால் 16 நிமிடம், 919 வாட்தான் கிடைக்கிறது என்றால் 26 நிமிடம். நேரம் கூடுகிறது, யூனிட் அதேதான். வாளி காற்றில் ஆறுவதால் கூடுதலாகக் கொஞ்சம் போகும், அவ்வளவே. "லோ வோல்டேஜில் ஹீட்டர் போட்டால் பில் எகிறும்" என்பதில் சாரம் இல்லை.

மேலே சொன்னதைச் சுருக்கினால் நாள்தோறும் பயன்படும் ஒரு குறுக்குவழி கிடைக்கும். 230-ஐ 230-ஆல் பெருக்கினால் 52,900. இதை வாட்டால் வகுத்தால் ஓம் வந்துவிடும். 750 வாட் இஸ்திரிப்பெட்டிக்கு 70.5 ஓம், 1000 வாட்டுக்கு 53, 2000 வாட் கீசருக்கு 26.4. ப்ளக்கைப் பிடுங்கிவிட்டு, இரண்டு முள்ளுக்கும் நடுவே மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்துப் பார்த்தால் இந்த எண்ணுக்கு அருகில் காட்ட வேண்டும். நிக்ரோம் சூட்டில் சில சதவீதமே மாறும் என்பதால் குளிர்ந்திருக்கும்போது அளந்தாலும் போதுமானது. சுவிட்சும் தெர்மோஸ்டாட்டும் "ஆன்" நிலையில் இருக்க வேண்டும். இஸ்திரிப்பெட்டியின் திருகு "ஆஃப்" நிலையில் இருக்கும்போது அளந்துவிட்டுக் காயில் போச்சு என்று கடைக்குத் தூக்கிப் போகிறவர்கள் உண்டு. 26 காட்ட வேண்டிய கீசர் 35 காட்டினால், மாற்றிப் போட்ட எலிமெண்ட் 2000 அல்ல, 1500 வாட். கடைக்காரர் என்ன சொன்னாலும் மீட்டர் பொய் சொல்லாது.

இந்தக் குறுக்குவழி குண்டு பல்புக்குப் பொருந்தாது. 60 வாட் பல்புக்குக் கணக்குப்படி 882 ஓம். மீட்டரை வைத்தால் 65 ஓம் அளவில்தான் காட்டும். பள்ளிச் சோதனைக்கூடத்தில் மாணவர்கள் இந்த இடத்தில்தான் ஓம் விதியே தப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். டங்ஸ்டன் இழை எரியும்போது 2,400 டிகிரிக்கு மேல் போகிறது; அந்தச் சூட்டில் அதன் மின்தடை பதின்மூன்று மடங்குக்கும் கூடுதலாக ஏறிவிடும். 882 என்பது எரிகிற பல்பின் ஓம். 65 என்பது தூங்குகிற பல்பின் ஓம். சுவிட்சைப் போடும் கணத்தில் இருப்பது 65 ஓம்தான் என்பதால் கண்ணிமைக்கும் நேரத்துக்கு மூன்றரை ஆம்பியர் வரை பாய்கிறது. பல்பு பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே ஃப்யூஸ் ஆவது இதனால்தான்.

இனி மோட்டார். ஒரு குதிரைத்திறன் ஒற்றை பேஸ் மோனோபிளாக் மோட்டாரின் ரன்னிங் காயிலை அளந்தால் சுமார் 3 ஓம் காட்டும். 230 ÷ 3 என்று வகுத்தால் 77 ஆம்பியர் வரும். ஓடும்போது அது இழுப்பதோ சுமார் 7 ஆம்பியர். மீதியைத் தடுப்பது கம்பியின் ஓம் அல்ல. சுழல்கிற ரோட்டாரும் காந்தப்புலமும் சேர்ந்து உண்டாக்கும் எதிர் மின்னழுத்தம் அது. ரோட்டார் சுற்றாமல் நின்றுவிட்டால் இந்தத் தடுப்பில் பெரும்பங்கு போய்விடும். கரண்ட் ஐந்தாறு மடங்கு ஏறிவிடும். பம்பில் மண் அடைத்தாலும் கண்டென்சர் போனாலும் "உம்" என்று சத்தம் மட்டும் வந்து காயில் சூடேறுவது இதனால். எனவே மோட்டாரின் மின்தடையை அளந்து வாட் கண்டுபிடிக்க முயல வேண்டாம். அந்த வழி அடைத்திருக்கிறது.

தொட்டி முப்பது அடி உயரத்தில் இருந்தால், வோல்டேஜ் எதுவானாலும் தண்ணீர் அதே முப்பது அடி ஏறியாக வேண்டும். மோட்டாரைப் பொறுத்தவரை ஏறத்தாழ மாறாமல் நிற்பது அதன் முதுகிலுள்ள சுமை. 180 வோல்ட்டில் அந்தச் சுமையைத் தூக்க அது கூடுதல் கரண்ட் இழுக்கும். 7 இருந்த இடத்தில் 9 ஆகும். கம்பியில் பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. 7 × 7 × 3 = 147 வாட் சூடு இருந்த காயிலில் இப்போது 9 × 9 × 3 = 243 வாட். மோட்டாரைக் குளிர்விக்கும் காற்றாடி அதேதான், உடம்பு அதேதான், சூடு மட்டும் ஒன்றரை மடங்குக்கு மேல். வார்னிஷ் கருகும் வாடை வருவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கம்ப்ரசர் லோ வோல்டேஜில் "டக்" என்று எடுத்து "டக்" என்று விட்டுவிடுவதும் இதே குடும்பத்துக் கோளாறு: கிளம்பும் விசை வோல்ட்டின் வர்க்கத்தில் குறைவதால் ரோட்டார் அசையவில்லை, கரண்ட் எகிறுகிறது, ஓவர்லோட் துண்டிக்கிறது. (சீலிங் ஃபேனும் மோட்டார்தானே என்று கேட்கலாம். வேகம் குறைந்தால் காற்றின் எதிர்ப்பும் குறைந்துவிடுவதால் அது மெதுவாகச் சுற்றித் தப்பித்துக்கொள்கிறது. நமக்குத்தான் வேர்க்கும்.)

காயில் கட்டக் கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. மோட்டார் நன்றாக ஓடும் காலத்திலேயே ரன்னிங், ஸ்டார்ட்டிங் காயில்களின் ஓமை அளந்து மூடிக்குள் எழுதி வையுங்கள். திரும்பி வந்ததும் அளந்து பாருங்கள். 3 இருந்தது 4.5 ஆகியிருந்தால் மெலிந்த கேஜ் கம்பியோ அலுமினியக் கம்பியோ உள்ளே போயிருக்கக்கூடும். அதே நீளத் தடிமனுக்கு அலுமினியத்தின் தடை செம்பைப் போல 1.6 மடங்கு. சாதாரண மல்டிமீட்டரின் ஒயர்களே 0.2, 0.3 ஓம் காட்டும். முதலில் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பார்த்து அந்த எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கட்டுரையாளரின் வகுத்தல் சரியாகப் பொருந்தும் சாதனங்களும் வீட்டில் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். செல்போன் சார்ஜர், தொலைக்காட்சி, கணினி இவற்றின் முதுகில் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கும். உள்ளே இருக்கும் சர்க்யூட் தனக்கு வேண்டிய வாட்டை எந்த வோல்ட்டிலும் எடுத்துக்கொள்ளும். அங்கே வாட் நிற்கும், வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். ஆக ஒரே வாய்பாடு, மூன்று விதமான நடத்தை. எது மாறாமல் நிற்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் வகுக்கத் தொடங்கினால் விடை கிடைக்கும், உண்மை கிடைக்காது.

இந்தக் கணக்கு நிஜமாகக் கைகொடுக்கும் இடத்தைக் கட்டுரை தொடவே இல்லை. வீட்டில் வோல்டேஜ் குறைகிறது. குறை தெருவிலா, நம் சுவருக்குள்ளா? ஒரு மல்டிமீட்டரும் ஒரு கீசரும் இருந்தால் கண்டுபிடித்துவிடலாம். ப்ளக்கிலும் மீட்டர் பெட்டியிலும் அளக்க வேண்டும். மின்சாரம் ஓடும் இடத்தில் அளப்பது பழகியவர் வேலை. மீட்டர் பெட்டிப் பக்கம் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனை வைத்தே அளக்கச் சொல்லுங்கள்.

கீசர் ஓடாதபோது இரண்டு இடத்திலும் 232 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 2000 வாட் கீசரைப் போட்டதும் ப்ளக்கில் 221, மீட்டர் பெட்டியில் 229. கீசரின் ஓம் 26.45 என்று நமக்குத் தெரியும். 221 ÷ 26.45 = 8.36 ஆம்பியர் பாய்கிறது. டங் டெஸ்டர் (ஒயரைக் கவ்வி ஆம்பியர் அளக்கும் கருவி) இருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாம். மொத்தம் தொலைந்தது 11 வோல்ட். தெருவில் தொலைந்தது 3, அதை 8.36-ஆல் வகுத்தால் 0.36 ஓம். கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயரும் தெருக் கம்பியும் சேர்ந்து இவ்வளவு இருப்பது பெரிய குறை அல்ல. வீட்டுக்குள் தொலைந்தது 8 வோல்ட். 8 ÷ 8.36 = 0.96 ஓம். இதுதான் உறுத்துகிறது.

ஏன் உறுத்துகிறது? மீட்டர் பெட்டிக்கும் குளியலறைக்கும் இருபது மீட்டர் தூரம், ரெண்டரை ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) செம்பு ஒயர் என்றால், கிலோமீட்டருக்கு 7.41 ஓம் என்ற கணக்கில் பார்க்க வேண்டும். பேஸ் போவது இருபது, நியூட்ரல் திரும்புவது இருபது, ஆக நாற்பது மீட்டர். (இந்த இரட்டிப்பை மறப்பதுதான் ஒயர் கணக்கில் நாம் அதிகம் காணும் பிழை.) 0.04 × 7.41 = 0.30 ஓம். இருக்க வேண்டியது 0.30, இருப்பது 0.96. மீதி 0.66 ஓம் எங்கோ ஒரு திருகிலோ முறுக்கிலோ சாக்கெட்டின் தளர்ந்த பித்தளைப் பிடியிலோ உட்கார்ந்திருக்கிறது. அந்த ஓர் இடத்தில் பிறக்கும் சூடு 0.66 × 8.36 × 8.36 = 46 வாட். சாலிடர் வைக்கும் 25 வாட் இரும்பு எவ்வளவு சுடும் என்று தெரிந்தவர்களுக்கு, விரல்நுனி அளவு இடத்தில் 46 வாட் என்றால் என்ன என்று விளக்க வேண்டாம். கீசர் ப்ளக்கின் ஒரு முள் மட்டும் பழுப்பேறி, சுற்றிலும் பிளாஸ்டிக் உருகியிருப்பது இந்த 46 வாட்டின் வேலை.

இதில் எம்.சி.பி. (தானே துண்டிக்கும் காப்பு சுவிட்ச்) விழாது. லூஸ் கனெக்‌ஷனால் கரண்ட் கூடவில்லை, சற்றே குறைந்துதான் இருக்கிறது. கரண்ட் கூடினால் விழும் கருவிக்கு இங்கே வேலையில்லை. கரண்டை நிறுத்திவிட்டு ஓம் மீட்டரை வைத்தாலும் அகப்படாது, ஒயர்களின் 0.3 ஓமும் மீட்டரின் பிழையும் சேர்ந்து 0.66-ஐக் கலங்கடித்துவிடும். சுமையைப் போட்டு வோல்ட் எவ்வளவு விழுகிறது என்று பார்த்து, ஆம்பியரால் வகுப்பதுதான் வழி. அக்கம்பக்கத்துச் சுமை ஏறி இறங்குவதால் ஒரே தடவை அளந்து முடிவு கட்டாமல், போட்டும் நிறுத்தியும் மூன்று தடவை பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும்.

வீதி முழுக்க எல்லா வீட்டிலும் 180 வந்தால் அது வேறு கதை. நம் திருகை இறுக்கிப் பயனில்லை. வீட்டு இணைப்பின் வோல்டேஜ் அறிவித்த அளவிலிருந்து 6 சதவீதத்துக்கு மேல் விலகக்கூடாது என்று 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளிலேயே இருந்தது. 230 என்றால் 216-க்குக் கீழே போகக்கூடாது. புகார் கொடுக்கும்போது "லைட் டிம்மாக எரிகிறது" என்று எழுதாமல், எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, சுமை இல்லாமல் எவ்வளவு, சுமையோடு எவ்வளவு என்று நான்கு நாள் கணக்கை எழுதிக் கொடுங்கள். சுமை இல்லாதபோதே 185 என்றால் குறை டிரான்ஸ்பார்மர் பக்கம். நம் சுமையைப் போட்டால் மட்டும் மீட்டர் பெட்டியிலேயே விழுகிறது, பக்கத்து வீட்டில் விழவில்லை என்றால் குறை நம் சர்வீஸ் ஒயரில் அல்லது கம்பத்து இணைப்பில்.

மூன்று பேஸ் இணைப்புள்ள வீட்டில் நியூட்ரல் கழன்றால் நேர் எதிரான ஆபத்து. அப்போது ஒரு பேஸில் உள்ள கீசரும் இன்னொரு பேஸில் உள்ள விளக்கு, டி.வி. வகையறாக்களும் அந்த இரண்டு பேஸ்களுக்கும் இடையிலுள்ள 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்ளும். கீசர் 26 ஓம், மற்றவை சேர்ந்து 500 ஓம் போல என்றால், 400-இல் 380 வோல்ட் அந்த 500 ஓம் பக்கம் போய்விடும். கீசர் சில்லென்று இருக்கும், டி.வி. புகையும். சில விளக்கு அளவுக்கு மீறிப் பிரகாசிக்க, சிலது மங்கினால் நின்று யோசிக்காமல் மெயினை இறக்குங்கள்.

இனி பில். வீட்டு மீட்டரில் சிவப்பாகக் கண் சிமிட்டும் சிறு விளக்கைப் பலர் கவனிப்பதில்லை. அதன் அருகே யூனிட்டுக்கு 3200 துடிப்பு என்றோ 1600 என்றோ பொறித்திருக்கும். 3200 என்றால் ஒரு சிமிட்டலுக்கு 0.3125 வாட்-மணி. மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு மேற்சொன்ன கீசரை மட்டும் போட்டால் நிமிடத்துக்கு 102 சிமிட்டல் வரும். 102 × 0.3125 × 60 = 1912 வாட். கீசருக்குள் போவதோ 221 × 8.36 = 1847 வாட்தான். நடுவே உள்ள அறுபத்தைந்து சொச்சம் வாட் எங்கே? ஒயரிலும் அந்தத் தளர்ந்த திருகிலும் போகிறது. அதற்கும் நாம்தான் காசு கொடுக்கிறோம்.

வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் என்று கட்டுரை எல்லாச் சாதனங்களுக்கும் சொன்னது. கீசருக்குச் சரி. மோட்டாருக்கு 230 × 7 = 1610 என்று பெருக்கிவிட்டு அதை வாட் என்று சொல்ல முடியாது. கரண்ட் வோல்ட்டுக்குப் பின்தங்கி ஓடுவதால் திறன் காரணி என்ற ஒன்றால் பெருக்க வேண்டும். அது 0.8 என்றால் 1288 வாட். மீட்டர் சிமிட்டலை எண்ணுங்கள்: 1610 வாட் என்றால் நிமிடத்துக்கு 86 இருக்க வேண்டும், வருவது 69-தான். மோட்டார் பலகையில் உள்ள ஒரு குதிரைத்திறன், 746 வாட், அச்சில் வெளியே வரும் வேலை. மீட்டரில் ஏறுவது உள்ளே போகும் 1288. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொண்டு மாதச் செலவைக் கணக்கிட்டால் பாதிக்குப் பாதி தவறும்.

எல்.இ.டி. பல்பு விஷயத்தில் இதே குழப்பம் சண்டையாகவே ஆகிறது. 9 வாட் பல்பில் 0.08 ஆம்பியர் பாய்கிறது, 230 × 0.08 = 18, ஆகவே பெட்டியில் போட்டது பொய் என்கிறார்கள். மலிவான பல்பில் திறன் காரணி 0.5 அளவில் இருப்பதும் உண்டு. 18-இல் பாதி 9. வீட்டு மீட்டர் அந்த 9-ஐத்தான் யூனிட்டாக எழுதும். நம்பாதவர்கள் அந்த ஒரு பல்பை மட்டும் எரியவிட்டு, ஒரு சிமிட்டலுக்கும் அடுத்ததற்கும் இடையே கடிகாரம் பார்க்கலாம். 9 வாட் என்றால் 125 நொடி. 18 வாட் என்றால் 62 நொடி. இவ்வளவு சின்னக் கரண்டை டங் டெஸ்டர் ஒழுங்காகக் காட்டாது. ஒற்றை ஒயரைப் பத்துச் சுற்றாகச் சுற்றி டெஸ்டரின் கவ்வும் வாய்க்குள் விட்டு, வரும் எண்ணைப் பத்தால் வகுத்துக்கொள்ள வேண்டும். பேஸும் நியூட்ரலும் சேர்ந்த கேபிளை அப்படியே கவ்வினால் போவதும் வருவதும் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம் காட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதைவிட மோசமான பிழை, மல்டிமீட்டரின் சிவப்பு ஒயரை 10 ஆம்பியர் துளையில் செருகியபடியே ப்ளக்கில் வோல்ட் பார்ப்பது. அந்தத் துளைக்குள் இருப்பது நூறில் ஒரு பங்கு ஓம் போன்ற தடை. 230-ஐ அதனால் வகுத்துப் பாருங்கள். நேரடி ஷார்ட் சர்க்யூட் அது. நல்ல மீட்டரில் ஃப்யூஸ் போகும், இருநூறு ரூபாய் மீட்டர் கையிலேயே வெடிக்கும்.

ஃப்யூஸுக்கு வருவோம். 8.3 ஆம்பியர் என்ற தவறான எண் இங்கேதான் தீங்கு செய்கிறது. எம்.சி.பி.யோ ஃப்யூஸோ காப்பது சாதனத்தை அல்ல, சுவருக்குள் ஓடும் ஒயரை. ஒன்றரை ஸ்கொயர் ஒயருக்கு மீட்டருக்கு 0.0121 ஓம். 10 ஆம்பியரில் ஒரு மீட்டர் நீளத்தில் 1.2 வாட் சூடு, தொட்டால் தெரியாது. "அடிக்கடி விழுகிறது" என்று 32 ஆம்பியர் எம்.சி.பி. மாட்டி, அவ்வளவும் பாய விட்டால் மீட்டருக்கு 12.4 வாட். குழாய்க்குள் இரண்டு ஒயர் என்றால் 25. காற்றோட்டமில்லாத பைப்புக்குள் பி.வி.சி. மேலுறை எத்தனை நாள் தாங்கும்? ஒயர் பருமனை மாற்றாமல் எம்.சி.பி.யை மட்டும் பெரிதாக்கும் எலக்ட்ரீஷியனை வீட்டுக்குள் விடாதீர்கள்.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்களுக்கு 12 வோல்ட் பக்கம் இதே கணக்கு இன்னும் கறாராக இருக்கும். 400 வாட் சுமைக்கு 12-ஆல் வகுத்தால் 33 ஆம்பியர். இன்வெர்ட்டரின் சொந்த இழப்பையும் சேர்த்தால் 40 வரும். பேட்டரி முனையில் வெள்ளைப் பூச்சு பூத்து 0.02 ஓம் தடை உண்டானால் 0.8 வோல்ட் அங்கேயே போய்விடும், 32 வாட் சூடாக. 230-இல் 0.8 போனால் யாருக்கும் தெரியாது, 12-இல் 0.8 போனால் பேட்டரி தீருவதற்கு முன்பே இன்வெர்ட்டர் "லோ பேட்டரி" என்று கூவி நின்றுவிடும். புதுப் பேட்டரி வாங்குவதற்கு முன் முனைகளைச் சுரண்டி, வெந்நீர் ஊற்றிக் கழுவி, வாசலின் தடவி இறுக்கிப் பாருங்கள்.

கசிவுக் கணக்கு ஒன்று மட்டும் பாக்கி. 30 மில்லியாம்பியர் ஆர்.சி.சி.பி. (எர்த்துக்குக் கரண்ட் கசிந்தால் துண்டிக்கும் கருவி) மாட்டியிருந்தால், 230 ÷ 0.03 என்று வகுக்க, எர்த்துக்கு ஏறத்தாழ 7,700 ஓம் பாதை உண்டானாலே அது கண்டிப்பாக விழ வேண்டும். நடைமுறையில் அதற்கு முன்பே விழும். கீசர் போட்டால் மட்டும் விழுகிறது என்றால் எலிமெண்டின் உறை ஓட்டையாகி ஈரம் ஏறியிருக்கலாம். ஒன்பது வோல்ட் மல்டிமீட்டர் இந்தக் கசிவைப் பல நேரம் காட்டாது. 500 வோல்ட் மெக்கரில் (கசிவைத் தடுக்கும் காப்பின் ஓமை அளக்கும் கருவி) ஒரு மெகா ஓமுக்குக் குறைந்தால் எலிமெண்டை மாற்ற வேண்டும். ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக இணைப்பு கொடுப்பது அந்த 7,700 ஓம் இருக்கிற இடத்தில் குளிப்பவரை நிறுத்துவதற்குச் சமம்.

ஜார்ஜ் சைமன் ஓம் தம் விதியை வெளியிட்டது 1827-இல். கரண்டின் வர்க்கத்துக்கு ஏற்பச் சூடு பிறக்கும் என்று ஜூல் காட்டியது 1841-இல். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்தில் இரண்டும் இருக்கின்றன. கட்டுரையை வெட்டி வைத்துப் படிக்கும் மாணவர்கள் இருப்பார்கள் என்பதால், அடுத்த இதழில் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். ஹீட்டர் உதாரணத்தின் இரண்டாம் வரி இப்படி இருக்க வேண்டும்: "180 வோல்ட்டில் 180 ÷ 35.3 = 5.1 ஆம்பியர், 919 வாட், ஒரு வாளித் தண்ணீருக்கு 26 நிமிடம்." ஃப்யூஸைப் பெரிதாக்கச் சொன்ன கடைசி வரியை எடுத்துவிட வேண்டும்.

இப்படிக்கு,
உரிமம் பெற்ற மின் மேற்பார்வையாளர் ஒருவர்,
ஈரோடு